போய்ப் பார்த்தவர்கள்

நல்லது செய்கிறவர்களுக்கு நம் ஊரில் எப்போதும் பஞ்சமில்லை. ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டுவார்கள், வரன் பார்த்துக் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்றால் தெரிந்த டாக்டர் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். செய்த நல்லது பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ப் பார்த்தவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

என் அத்தை ஒருத்தி அப்படிப் போவாள். சித்தூர், புத்தூர், திருத்தணி வட்டாரத்தில் அவள் பேசி முடித்த சம்பந்தங்கள் ஏராளம். கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்ததும், பண்டிகை நாளாக இல்லாத ஒரு நாள் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஒரு டம்ளர் காபி குடிப்பதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். சில வீடுகளிலிருந்து வாடிய முகத்தோடு திரும்புவாள். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த வரன் அவள் கையால் போகாது. "நான்தான் பண்ணி வச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கத் தெரியுதில்ல, போய்ப் பார்க்கவும் தெரியணும்" என்பாள்.

நான் சித்தூரில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சி என்றால் என்ன சார் என்று பிள்ளைகள் கேட்கும்போது நுண்ணோக்கி, சோதனைக் குழாய் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்வது வழக்கம். அத்தை செய்ததும் அதே காரியம்தான் என்று எனக்குப் புரிய வைத்தது மதனப்பள்ளிக்கு வெளியே, பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி.

மதனப்பள்ளி இப்போது எந்த மாவட்டம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2022-ல் அதைச் சித்தூரிலிருந்து பிரித்துவிட்டார்கள். அதற்கு முன் நூறாண்டுக்கும் மேல் அது நம்முடையது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்து 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1912-ல், தென்னிந்தியாவில் வேலை செய்த பல கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து மதனப்பள்ளியில் காசநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கின. 1915-ல் அது ஊருக்கு வெளியே இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. ஆரோக்யவரம் என்று பெயர் வைத்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் அதற்குத் தலைமை ஏற்றார்.

அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. இதை இன்றைய பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது சிரமம். நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-ம் தேதி பெர்லினில் அறிவித்துவிட்டார். ஆனால் அந்தக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். இடையில் அறுபது வருஷம் மருத்துவர்களுக்கு எதிரி யார் என்று தெரியும், கையில் ஆயுதம் இல்லை. அந்த இடைவெளியில் கட்டப்பட்டவைதான் சானடோரியங்கள். உயரமான இடம், காய்ந்த காற்று, நீளமான வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள், காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதும் அட்டை, பால், முட்டை, பேசாமல் படுத்திருக்க வேண்டிய ஓய்வு மணி. நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதாக ஊசி வழியே நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைப்பார்கள். அதற்கும் மசியாத நோய்க்கு விலா எலும்புகளை எடுத்துவிடுவார்கள். மதனப்பள்ளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். சென்னையின் புழுக்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காற்றே பாதி மருந்து என்று எல்லோரும் நம்பினார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சானடோரியம் என்றால் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம் நினைவுக்கு வரும். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் அது. தினமும் அந்த நிலையத்தில் இறங்கி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ.

எங்கள் சித்தப்பா ஒருவர் ஆரோக்யவரத்தில் இருந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று எங்கள் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கோலார் போவது சாதாரணம், யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். டி.பி. என்ற இரண்டு எழுத்து வெளியே போனால் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வரன் வராது. பெரியவர்கள் புங்கனூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவர் திரும்பி வந்தபோது ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது. சித்தூர் வெயிலிலும் சட்டைக்கு மேல் கோட்டு போட்டுக்கொள்வார். நெடுங்காலம் வாழ்ந்தார். எங்கள் பாட்டிக்கு ஆரோக்யவரம் கோவிலுக்குச் சமம். பிழைத்து வந்த ஒருவர் கண்ணெதிரே நடமாடும்போது அந்த வைத்தியத்தை யார் சந்தேகப்படுவார்கள்? பிழைக்காதவர்களின் வீட்டுக்காரர்கள் வந்து கதை சொல்லப் போவதில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருக்கிற வைத்தியருக்குத் தெரிவது வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும். வராதவர்கள் எத்தனை பேர், போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் தெரியாது. ஆரோக்யவரத்துக்காரர்கள் கொஞ்சம் வித்தியாசமானவர்கள். அங்கே தலைமை வகித்த டாக்டர் பி.வி. பெஞ்சமின் மத்திய அரசின் காசநோய் ஆலோசகராக டில்லி போனார். மூத்த மோலரின் மகன் ஜொஹான்னஸ் ஃப்ரிமோட் மோலர் மதனப்பள்ளியிலேயே தங்கினார். நாடு விடுதலை அடைந்த மறு வருஷம், 1948-ல், அவர்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஊருக்குள் இறங்கினார்கள். மதனப்பள்ளி நகரம், சுற்றுவட்டக் கிராமங்கள், ஏறக்குறைய 60,000 ஜனங்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, உறவு எழுதிக்கொள்வார். பின்னால் வருகிறவர் முன்கையில் தோலுக்குள் டியூபர்குலின் ஊசி போடுவார். அத்தோடு முடிந்ததா? இரண்டு மூன்று நாள் கழித்து அதே வீட்டுக்கு வந்து, அதே கையைப் பிடித்து, ஊசி போட்ட இடம் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே. படத்தில் நிழல் தெரிந்தவர்களிடம் சளி வாங்கிப் பரிசோதனை. இவ்வளவும் முடிந்தால் முதல் சுற்று ஆயிற்று. சில காலம் கழித்து எல்லாவற்றையும் அதே ஆட்களிடம் மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் ஒருவர் பெங்களூருக்குப் போயிருப்பார், ஒரு பெண் கட்டிக்கொடுத்துப் போயிருப்பாள், ஒரு கிழவர் போயே சேர்ந்திருப்பார். 1952-ல் ராயலசீமையில் பஞ்சம். கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நிற்கிற ஜனங்களிடம் போய்க் கையை நீட்டுங்கள் என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1950 முதல் 1955 வரை அந்தக் கிராமங்களில் கண்டதையெல்லாம் இளைய மோலர் 1960-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். அதில் கதாநாயகர் என்று யாரும் கிடையாது. அட்டவணைகள்தான்.

போய்ப் பார்ப்பதில் இருக்கிற கஷ்டம் நடை மட்டும் என்றால் பலரும் போய்விடுவார்கள். நம்மைத் தடுப்பது வேறு. போனால் என்ன தெரியவருமோ என்ற பயம். தானம் கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்துவிட்டால் மனசு நிறைவாக இருக்கிறது. அந்த நிறைவைப் பணயம் வைக்க யாருக்குத்தான் பிரியம்? ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய மாணவர்களின் வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். ஒருவன் பங்காருபாளையத்தில் தோத்தாபுரி மாங்கூழ் ஆலைக்கு மாம்பழம் அனுப்புகிறான். செல் பிரிதல், மரபணு என்று நான் உயிரைக் கொடுத்து நடத்திய எதுவும் அவனுக்கு நினைவில்லை. முளைவிட்ட பயறைத் தினமும் எடை போட்டு நோட்டில் எழுத வைத்தேனாம். "அதனாலதான் சார் இன்னைக்கும் லோடு எடை நான் நேர்ல நின்னு பார்க்கறேன்" என்றான். என் பாடத்தில் எது ஒட்டியது என்று எனக்கு இருபது முப்பது வருஷம் கழித்து அவன் சொல்லித்தான் தெரிகிறது.

மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, பி.ஏ.எஸ். என்ற கசப்பு, 1952-ல் ஐசோநியாசிட் மாத்திரை. உடனே ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால் மலைக்காற்றும் கட்டிலும் எதற்கு? இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கட்டில் போட்டு மாளாது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்திய மையம். முதல் சில வருஷங்கள் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பில் இருந்தார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று இருப்பது அதுதான்.

அந்தக் கேள்வியை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். 193 நோயாளிகள். சென்னையின் நெருக்கடியான குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் இருந்தவர்களுக்கு அரை வயிறு, வேலை, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். வருஷக் கடைசியில் குணமானவர்களின் கணக்கு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றியதா என்றால் அதுவும் இல்லை. 1959-ல் இது வெளியானது. இன்று உலகம் முழுக்கக் காசநோயாளிக்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு வேர் சென்னையில் இருக்கிறது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எல்லோரும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள். என் வீட்டிலும் நான் அப்படித்தான் சொல்கிறேன். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். நோயாளியைக் குற்றவாளியாக்க அல்ல. மருந்து தோற்றதா, மருந்து உள்ளேயே போகவில்லையா என்று பிரித்துத் தெரிய வேண்டுமே. பிற்பாடு எதிரே உட்கார வைத்து விழுங்கச் செய்கிற முறை வந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

சானடோரியங்களை நடத்தியவர்களின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காற்றோட்டமான கட்டடங்கள் கட்டியவர்கள். அந்தக் கட்டடங்கள் இல்லாமலே காரியம் ஆகும் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. ஏற்றுக்கொண்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆரோக்யவரம் இன்று எல்லா நோய்க்கும் பார்க்கிற பொது மருத்துவமனை. என் வயதுக்காரர்கள் பலரிடம் நான் பார்க்கிற வருத்தம் இதைப் போன்றது. தான் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று பேரப்பிள்ளைக்குத் தேவைப்படாமல் போகும்போது, அது வீண் என்று சொல்லிவிட்டார்களே என்று தோன்றும். சித்தப்பா பிழைத்தது பொய்யாகிவிடவில்லை. அவர் காலத்தில் இருந்ததை வைத்து அவரைக் காப்பாற்றினார்கள்.

சில பாடங்கள் அங்கே போகாமலே கிடைக்காது. பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர்க் கிராமங்களில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள் என்பது அன்றைய படித்தவர்களின் தீர்மானம். போய்க் கேட்டால், காசநோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 1963-ல் இதை வெளியிட்டார்கள். ஜனங்களுக்கு அறிவில்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த இருமல் மருந்து பாட்டில் ஞாபகம் வரும்.

இனி பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் கதை. நம் தலைமுறையில் இடது தோளில் தழும்பு இல்லாதவர் குறைவு. இந்தியாவில் அந்தத் தடுப்பூசியை முதன்முதலில் போட்டுப் பார்த்த இடங்களில் முந்தியது மதனப்பள்ளி, 1948-ல். அதே வருஷம் சென்னை கிண்டியில் தடுப்பூசி தயாரிக்கும் கூடம் வந்தது. 1951-லிருந்து நாடு முழுக்கப் பெரும் இயக்கமாகப் போட்டார்கள். எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்களில் பெரிய தலை ராஜாஜி. முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கிய மறு வருஷம், 1955-ல், இதை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சிறு நூலே எழுதினார். தடுப்பூசி மேல் அவருக்கு இருந்த பயங்களில் பலவற்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடும் முன் இது பலன் தருகிறது என்று இந்த மண்ணில் யார் பார்த்தார்கள் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேலி செய்து தள்ள முடியாது.

கேள்விக்கு நியாயம் இருந்தது, ஏனென்றால் உலகத்திலேயே பதில் ஒன்றாக இல்லை. பிரிட்டனில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் அந்த ஊசி நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலன் சொற்பம். மதனப்பள்ளியில் ஒரு பகுதியினருக்குப் போட்டு, மறு பகுதியினருக்குப் போடாமல், வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில் தெளிவான வெற்றி என்று நெஞ்சைத் தட்டிச் சொல்கிற மாதிரி எதுவும் வரவில்லை. சரி, யாரும் மறுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒன்று செய்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றி அது தொடங்கியது.

திருவள்ளூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். திருத்தணி 1960 ஏப்ரல் வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் வந்து அது சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவில் நின்றன. கோடு போட்டவர்கள் போட்டார்கள். கிருமி அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டுச் சம்பந்தங்களும் பார்க்கவில்லை.

இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டார்கள். சிலருக்கு உண்மைத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். எது எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அப்புறம் இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அதே கிராமங்கள், அதே எக்ஸ்ரே வண்டி, அதே சளி டப்பா. 1979-ல் முதல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யால் பலன் எதுவும் தெரியவில்லை. பதினைந்து வருஷக் கணக்கு முழுதாக அச்சில் வந்தது 1999-ல். அப்போதும் கதை மாறவில்லை. தொடங்கும்போது நடுவயதில் இருந்தவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பேரக்குழந்தைக்குப் பி.சி.ஜி. வேண்டாம் என்று கிளம்ப வேண்டாம். கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். பெரியவர்களிடம் நம் பக்கம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு, இந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசக்கிருமியின் தாயாதிகள் சின்ன வயதிலேயே நம் உடம்பைப் பழக்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். குளிர் நாடுகளில் அந்தப் பழக்கம் குறைவு, அங்கே ஊசிக்கு வேலை இருக்கிறது.

என் பேத்தி திருப்பதியில் உயிரியல் படிக்கிறாள். நான் படித்த காலத்தில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஒன்றுதான் அங்கே. 2015-லிருந்து மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. மலையில் சேஷாசலக் காட்டு மரங்களையும், கீழே ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தையும் சளியையும் ஆராய்கிற பிள்ளைகள் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள். செங்கல்பட்டுக் கதையைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "முப்பது வருஷம் பாடுபட்டு, ஒண்ணும் வேலை செய்யலன்னு எழுதினாங்களா தாத்தா? இப்பல்லாம் ரிசல்ட் வரலைன்னா பேப்பரே போட மாட்டாங்க. கைடு அடுத்த டாபிக்குக்குப் போன்னுடுவாரு."

ரிசல்ட் வந்ததே, அதைத்தானே அவர்கள் எழுதினார்கள் என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டு முப்பது வருஷ வேலை எங்கே என்று கேட்க முடியாது. மோலர் குடும்பத்தில் அப்பா தொடங்கியதை மகன் தொடர்ந்தார். அந்த மாதிரி ஓர் இடத்தில் வேரூன்றி இருக்க இன்றைய ஆராய்ச்சிப் பிள்ளையை யார் விடுகிறார்கள்? இடமாற்றம் வரும், திட்டம் முடிந்துவிட்டது என்பார்கள், எக்ஸ்ரே வண்டிக்கு டிரைவர் இல்லை என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கதையில் ஒரு திருப்பம் பாக்கி. சென்னை ஆய்வுக்குப் பிறகு சானடோரியத்துச் சாப்பாட்டை எல்லோரும் மறந்தார்கள். பாலும் முட்டையும் இல்லாமலே மாத்திரையால் குணமாகிறது என்றால் சாப்பாட்டுக்கு எதற்குச் செலவு? டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் அதை மறக்கவில்லை. சேத்துப்பட்டு நிலையத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 2019 முதல் 2022 வரை, 2,800 நோயாளிகளின் வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் உண்டு. பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மறு பாதி வீடுகளில் மற்றவர்களுக்குக் கிடையாது. பிறகு அந்த வீடுகளில் யாருக்குப் புதிதாகக் காசநோய் வருகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிய நோய் ஏறக்குறைய 39 சதவீதம் குறைவு. தொற்றக்கூடிய வகை பாதியளவுக்குக் குறைந்தது. 2023-ல் லான்செட் இதழில் வந்தது. வேறெந்தத் தடுப்பூசியும் பெரியவர்களிடம் இதற்கு ஈடாக நம் நாட்டில் செய்து காட்டியதாக நான் படிக்கவில்லை.

எங்கள் பாட்டி இருந்திருந்தால் இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்று கேட்டிருப்பாள். வேண்டும் பாட்டி. சோறு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சோறு, யாருக்கு, எத்தனை மாதம், அதனால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று சொன்னால்தான் டில்லியில் கோப்பு நகரும். காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவியை 2024-ல் 1,000 ஆக்கினார்கள். இன்றைய பருப்பு விலைக்கு அது எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டால் கோபம் வருகிறது. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார்.

பி.சி.ஜி.யும் திரும்பி வந்திருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் போன்றோருக்கு மறுபடி அந்த ஊசியைப் போட்டுப் பார்க்கும் முயற்சி 2024-ல் பல மாநிலங்களில் தொடங்கியது. செங்கல்பட்டில் பலிக்காதது இப்போது எப்படிப் பலிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை போட்ட உடம்பில் மறுபடி போட்டால் வேறு மாதிரி நடக்கலாம் என்பவர்களும் உண்டு. பார்த்தால்தான் தெரியும்.

பேத்தி கேட்டாள், உங்களுக்கு வயசு இருக்கே, கூப்பிட்டா போட்டுப்பீங்களா என்று.

"போட்டுப்பேன். ஆனா போடறவங்க கிட்ட ஒண்ணு கேப்பேன். அடுத்த வருஷம் வந்து கதவைத் தட்டுவீங்களா?"

"இப்பல்லாம் யாரு தாத்தா கதவைத் தட்றாங்க? போன் பண்ணி, இருமல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கான்னு கேட்டு டிக் பண்ணிப்பாங்க."

தெரியாத நம்பரிலிருந்து வந்தால் நான் எடுப்பதில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொல் என்றேன்.